குறை வண்டியிலா, ஓட்டியவரிடமா? - ரீகால் வந்த கதை

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அது எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது தெரியுமா? மில்லிலிருந்து நூல் கோன்கள் நிட்டிங் கம்பெனிக்கு வருகின்றன. அங்கே துணியாகி, ரோல் ரோலாக சாய ஆலைக்குப் போகிறது. பிறகு கம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், பேக்கிங். பெரிய கம்பெனிகள் சில இவற்றையெல்லாம் ஒரே வளாகத்தில் வைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு இடத்தில்தான். இந்த இடங்களை இணைப்பது குட்டியானை, பிக்கப், மினி லாரி என்று அழைக்கப்படும் சின்னச் சின்ன சரக்கு வண்டிகள். அவை ஒரு நாள் நின்றால் ஊரே தடுமாறிவிடும்!

இப்படிப்பட்ட ஒரு வண்டி நடுரோட்டில் பழுதாகி விபத்துக்குள்ளானால் முதலில் வரும் கேள்விகள் என்ன? "எவ்வளவு லோடு ஏத்தினே?", "தூங்கிட்டியா?", "சர்வீஸ் பண்ணியா?". மூன்றும் டிரைவரை நோக்கிய கேள்விகள். "இந்த பார்ட் ஃபேக்டரியிலேயே சரியாகச் செய்யப்பட்டதா?" என்ற நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க உலகம் கற்றுக்கொண்ட கதைதான் ரீகாலின் கதை.

வாரண்டி வேறு, ரீகால் வேறு

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். வாரண்டி என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தம். பார்ட் கெட்டுப்போன பிறகு, வண்டிக்காரர் தேடிப் போய்க் கேட்க வேண்டும். காலக்கெடு முடிந்தால் அதுவும் இல்லை. ரீகால் அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருக்கலாம் என்று தெரிந்தவுடன், கெட்டுப்போகும் முன்பே கம்பெனி உரிமையாளரைத் தேடி வந்து, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வாரண்டி வாங்கியவரைக் காக்கிறது. ரீகால் வாங்கியவரையும், எதிரே வருபவரையும், ரோட்டோரம் நடப்பவரையும் சேர்த்துக் காக்கிறது.

உடைந்த சக்கரங்கள்

கார் கம்பெனிகளைக் கேள்வி கேட்டு ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் 1965-ல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே, 1966-ல், அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறை தெரிந்தால் கம்பெனி உரிமையாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது சட்டம். ஆனால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் 1974-ல் செய்த திருத்தத்தில்தான் வந்தது.

இந்தச் சட்டத்திற்கு வந்த பெரிய சோதனைகளில் ஒன்று ஒரு வேலை வண்டியால் வந்தது. 1960 முதல் 1965 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த முக்கால் டன் டிரக்குகளில் சுமார் 2 லட்சம் வண்டிகளுக்கு, மூன்று துண்டுகளாகச் செய்து பொருத்திய ஒருவகைச் சக்கரம் போடப்பட்டிருந்தது. அந்தச் சக்கரங்கள் ஓடும்போதே உடைந்தன. கம்பெனி என்ன சொன்னது? "அளவுக்கு மேல் லோடு ஏற்றினார்கள், அதனால் உடைந்தது." திருப்பூரில் கேட்கும் அதே பதில்!

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1975-ல் வந்த தீர்ப்பு ஒரு முக்கியமான அளவுகோலைச் சொன்னது. கணிசமான எண்ணிக்கையில் ஒரு பார்ட் உடைந்தால் அது குறைதான். வண்டிக்காரர் சற்று அதிகமாக லோடு ஏற்றுவார், பராமரிப்பில் சற்று அசட்டையாக இருப்பார் என்பது கம்பெனி முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய விஷயம். அப்படி ஊகிக்கக்கூடிய சாதாரணத் தவறுகளைக் காட்டி கம்பெனி தப்பிக்க முடியாது. அதே சமயம், வயதாகித் தேய்ந்து போவது குறையாகாது.

அதாவது சரக்கு வண்டி சரக்கு ஏற்றத்தான் செய்யும். அதை மனதில் வைத்துத்தான் சக்கரம் செய்ய வேண்டும்.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவில் நீண்ட காலம் ரீகாலுக்கென்று சட்டமே இல்லை. "ரீகால்" என்ற சொல்லைச் சொல்லவே கம்பெனிகள் தயங்கின. சில நானோ கார்கள் தீப்பிடித்த பிறகு, 2010-ல் டாடா மோட்டார்ஸ் எல்லா நானோக்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. ஆனால் இது ரீகால் அல்ல என்றும் அழுத்திச் சொன்னது.

2012 ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம், தானாக முன்வந்து ரீகால் செய்வதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு அது.

அதன் பலவீனம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1.14 லட்சம் டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. புகை அளவுச் சோதனையில் ஊழியர்கள் முறைகேடு செய்திருந்ததை கம்பெனியே அரசிடம் ஒப்புக்கொண்டது. டவேரா, டாக்ஸி ஓட்டிப் பிழைக்கும் பலரின் வண்டி. கம்பெனி தானாகச் சொல்லாமல் இருந்திருந்தால்?

கடைசியில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இதன்படி குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற மத்திய அரசே உத்தரவிடலாம். கம்பெனி பழுது பார்த்துத் தரவோ, வேறு வண்டி தரவோ, முழு விலையைத் திருப்பித் தரவோ வேண்டியிருக்கும். தானாகக் குறையைக் கண்டு அரசிடம் சொல்லி ரீகால் செய்யும் கம்பெனிக்கு அபராதம் இல்லை. மறைத்தால்தான் செலவு அதிகம் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை. பஸ், கனரக சரக்கு வண்டிகளைப் பொறுத்தவரை, ஓராண்டு விற்பனையில் 3 சதவீதம் அளவுக்குப் புகார்கள் வர வேண்டும். புகாரைப் பதிவு செய்ய மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் தனிப் பக்கமும் உண்டு.

வேலை வண்டிகளின் முறை

சின்ன சரக்கு வண்டிகளும் ரீகாலுக்கு விலக்கல்ல. 2018 டிசம்பரில் மாருதி சுசூகி, எரிபொருள் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று 640 சூப்பர் கேரி வண்டிகளை அழைத்தது. 2022 செப்டம்பரில் மேலும் 5,002 சூப்பர் கேரி வண்டிகள். காரணம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட் பக்கிளில் உள்ள ஒரு போல்ட்! 2021 ஜூலையில் மஹிந்திரா, 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரான 29,878 பிக்கப் வண்டிகளை அழைத்தது. திரவம் செல்லும் ஒரு குழாய் சரியாகப் பொருத்தப்படவில்லையோ என்ற சந்தேகம். ஒரு போல்ட், ஒரு குழாய். விலை சில நூறு ரூபாய்கூட இருக்காது. ஆனால் அதை நம்பித்தான் ஒரு உயிர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எங்கே இடிக்கிறது?

பார்ட்டும் கூலியும் இலவசம். ஆனால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளின் வாடகையை யார் தருவார்கள்? டியூ கட்ட வேண்டிய தேதி தள்ளிப் போகாது. ஷிப்மெண்ட் அவசரத்தில் இருக்கும் கம்பெனி வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளும். அதனால்தான் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். கணக்குப்படி பார்த்தால் அது லாபம் போலத் தெரியும். ஆனால் ஒரு விபத்தின் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இன்னொரு சிக்கல், செகண்ட் ஹேண்ட் வண்டி. 1966-ன் அமெரிக்கச் சட்டத்திலேயே இந்த ஓட்டை இருந்தது. முதலில் வாங்கியவருக்கே கம்பெனி கடிதம் அனுப்பியது. கைமாறிய வண்டியைத் தேடிப் போக, வாரண்டியும் சேர்ந்து கைமாறியிருக்க வேண்டும். இங்கேயும் வண்டி இரண்டு மூன்று கை மாறிவிட்டால், அதிலும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டினால், கம்பெனியின் போன் பழைய முதலாளிக்குத்தான் போகும். அவர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். குறையுள்ள பார்ட்டோ புதிய முதலாளியின் வண்டியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே வேலை வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை மூன்று. பெயரையும் போன் நம்பரையும் ஆர்.சி.யில் சரியாக மாற்றிக்கொள்வது. சேஸிஸ் நம்பரைச் சொல்லி, நிலுவையில் ரீகால் உண்டா என்று டீலரிடம் கேட்பது. ஒரே பார்ட் திரும்பத் திரும்பக் கெட்டால், மெக்கானிக்கோடு முடித்துக்கொள்ளாமல் புகாராகப் பதிவு செய்வது. 3 சதவீதம் என்பது புகார் எழுதியவர்களின் எண்ணிக்கைதான், புலம்பியவர்களின் எண்ணிக்கை அல்ல.

அளவுக்கு மீறி லோடு ஏற்றுவது தவறுதான். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தவறுக்குப் பின்னால் மோசமான ஒரு பார்ட் ஒளிந்துகொள்ளக் கூடாது. டிரைவரிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் போலீசும், இன்சூரன்ஸ் கம்பெனியும், முதலாளியும் நான்காவது கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.