'பாதுகாப்பான' என்ற சொல்லின் கதை

சென்ற பொதுக்குழுவில் இரண்டாவது போர் போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் கேட்டார்: "நம்ம மாவட்டம் நிலத்தடி நீர்ல பாதுகாப்பான பகுதிதானே, பிறகென்ன தயக்கம்?" அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றை இங்கே தருகிறேன்.

நாஞ்சில் நாட்டில் கிணற்று நீர் பெரும்பாலும் குளத்தின் பிள்ளை. திருவிதாங்கூர் அரசு 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய்களில் ஓடிக் குளங்களை நிறைக்கும். வயலிலும் குளத்திலும் நிற்கும் தண்ணீர் ஊறிக் கிணறுகளை ஏற்றும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு சாகுபடியும் நடக்கிறவரை நிலத்துக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நிலத்தடி நீரைக் காக்க யாரும் தனியாக மெனக்கெடவில்லை. மடையையும் கரையையும் காத்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. ஆரல்வாய்மொழி கணவாயின் வாயில் இருக்கிறது. இங்கிருந்து கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே போகும். காற்றாலைகள் நமக்குச் சொல்லும் செய்தியும் அதுதான்.

நம் காலுக்கடியில் கெட்டிப்பாறை. மேலே உதிர்ந்த மண்ணடுக்கும் கீழே பாறை வெடிப்புகளும்தான் தண்ணீர்ப் பாத்திரம். திறந்த கிணறு மேலடுக்கில் குடிக்கிறது. போர் வெடிப்புகளைத் தேடிப் போகிறது. ஆகவே பக்கத்து வளாகத்தில் 2 அங்குலம் தண்ணீர் வந்தால் நமக்கும் வரும் என்று நினைக்க முடியாது.

இனி சட்டத்தின் கதை. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-லேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 1997-ல் அமைந்தது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்காக 2003-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கிணறுகளைப் பதிவு செய்வது, அனுமதி, தனி ஆணையம் எல்லாம் அதில் இருந்தன. அது நடைமுறைக்கு வராமலே 10 ஆண்டு கிடந்து 2013-ல் ரத்தானது. அதே 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு மட்டும் வீடு வீடாக நடந்தது. கெடு வைத்து நேரில் வந்து பார்த்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2014-ல் ஓர் அரசாணை குறுவட்ட வகைப்பாட்டை வைத்துத் தண்ணீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தியது. 'பாதுகாப்பான' என்பது அந்த வகைப்பாட்டின் சொல். ஓராண்டில் ஊறும் தண்ணீரில் எடுக்கத்தக்கதாகக் கணக்கிட்ட அளவில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது. 100 சதவீதம் தாண்டினால் மிகைநுகர்வு. 2013 கணக்கில் 1139 குறுவட்டங்களில் 358 மிகைநுகர்வில் இருந்தன. 2017-ல் 1166-ல் 462, 2020-ல் 435. இடையே கணக்கிடும் முறை மாறியதால் 2013-ஐ நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 2020-லும் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊறுவதைவிட அதிகம் எடுத்தது. ஒழுங்குமுறை தன் இலக்கை அடைந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் வேறு வழியில் போனது. 1949 சட்டத்தின்படி அங்கே உள்ளூர் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். எழுதிய இலக்கை நிறைவேற்றியதா என்று மாநிலத் தணிக்கையாளர் பார்க்கிறார். மேற்குச் சமவெளியின் மாவட்டம் ஒன்று வைத்த இலக்கு, 50 ஆண்டு கழித்துப் பாதித் தண்ணீராவது மிஞ்ச வேண்டும் என்பது. பாதி போகட்டும் என்றே தொடங்கும் இலக்கு! ஆனாலும் எண் ஒன்று இருப்பதால் தவறினால் தெரிந்துவிடும்.

நம்மிடம் அந்த எண்தான் இல்லை. குறுவட்டம் என்பது பல கிராமங்களின் சராசரி. கால்வாய்ப் பாசனத்துக்கு அருகே உள்ள கிணறும் மலையடிவாரப் போரும் ஒரே பெயரில் அடங்கிவிடும். 'பாதுகாப்பான' என்பது நம் வளாகத்துக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், போரில் நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பழைய போர் போட்ட ஆண்டில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று யாராவது குறித்து வைத்திருந்தால் தெரிவியுங்கள். நம் கோப்பில் உள்ள பில்லில் தோண்டிய ஆழமும் பைப்பின் விலையும் மட்டும்தான் இருக்கின்றன.