முந்திரிகைக் கொடியின் தாயகம்



திராட்சை என்றும் முந்திரிகை என்றும் நாம் வழங்கும் பழக்கொடியை மனிதன் எங்கே, எப்பொழுது வளர்க்கத் தொடங்கினான்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கருங்கடலுக்குக் கிழக்கே, கொக்கேசிய மலைகளின் தென்புறத்தே அமைந்த ஜோர்ஜியா நாட்டை நோக்குதல் வேண்டும்.

அந்நாட்டின் தலைநகராகிய திபிலிசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் கடாச்சிரிலி கோரா, சுலாவேரி கோரா என இரு மண்மேடுகள் உள்ளன. புதிய கற்கால மக்கள் வட்ட வடிவான மண்வீடுகளில் வாழ்ந்த ஊர்கள் அவற்றுள் புதைந்து கிடந்தன. அங்கு எடுக்கப்பட்ட பானை ஓடுகளைப் பகுத்தாராய்ந்த முடிவுகள் 2017 இல் வெளியாயின. ஓடுகளில் ஊறியிருந்தது தாத்தாரிக்கமிலம். நம் சமையலறைப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதுவே. புளியமரம் இல்லாத அக்குளிர்நாட்டிலே, முந்திரிகைச் சாறே இவ்வமிலத்தைப் பானைக்கு அளித்திருத்தல் வேண்டும் என அறிஞர் கொண்டனர். அப்பானைகளின் காலம் கி.மு. 6000 - 5800 ஆகும்.

காட்டில் வளரும் முந்திரிகையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடி காய்ப்பதில்லை. அரிதாக, ஒரே பூவில் இருபாலும் பொருந்திய கொடி தோன்றும். அதனைக் கண்டு தெரிந்தெடுத்தமையே முந்திரிகைச் செய்கையின் தொடக்கம். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், மேற்காசியாவிலும் தென்கொக்கேசியாவிலும் இது தனித்தனியே நிகழ்ந்தது என 2023 இல் வெளியான மரபணு ஆய்வொன்று கூறுகின்றது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். முந்திரிகை விதையை நட்டால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வாய்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டோர் இதனை அறிவர். கொடியின் தண்டை வெட்டி நட்டே இனத்தைக் காத்தல் வேண்டும். நடத் தவறினால் அவ்வினம் காலப்போக்கில் அழிந்துவிடும்.

ஜோர்ஜியாவோ பகைவர் படை ஓயாத நாடு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைமூரின் படைகள் பலமுறை புகுந்தன. 1614 தொடக்கம் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் கிழக்கேயுள்ள ககேதியைப் பாழாக்கினான். 19ஆம் நூற்றாண்டிலே வேரை உண்ணும் பூச்சி கொடிகளை அழித்தது. சோவியத் ஆட்சியில் மிகுந்த விளைவு தரும் சில இனங்களே பெருந்தோட்டங்களில் இடம் பெற்றன. 1985 இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவொழிப்பு இயக்கத்தின்போது தோட்டங்கள் பல வேரோடு பிடுங்கப்பட்டன.

இத்தனைக்கும் பின்னர், அந்நாட்டுக்கே உரிய முந்திரிகை இனங்கள் 500க்கு மேல் இன்றும் கணக்கிடப்படுகின்றன. அவற்றுட் பலவற்றைக் காத்தவர் அரசரல்லர். வீட்டு முற்றத்தில் இரண்டொரு கொடி வைத்திருந்த குடியானவரே. நிலத்திற் புதைத்த பெரிய மட்சாடிகளிலே சாற்றைப் புளிக்க வைக்கும் முறையையும் அவர்கள் கைவிடவில்லை. குவேவ்ரி எனப்படும் அச்சாடிகளைக் கொண்டு மது ஆக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013 இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நேயர்களே, கல்லிற் பொறித்த சாசனம் கவனிப்பாரின்றியும் நிலைத்து நிற்கும். முந்திரிகைக் கொடியோ அவ்வாறன்று. இன்று ககேதிப் பள்ளத்தாக்கிலே ஒரு பழங்கொடி காய்க்கின்றதெனின், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதன் தண்டை வெட்டி மீண்டும் நட்டார் என்பதே அதன் வரலாறு.