எருமையின் இடத்தில் எந்திரம்

நம் நாட்டின் தமிழ்க் கமக்காரர் பலர் இருசில்லு உழவியந்திரம் எதனையும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைப்பர். அப்பெயருக்குரிய இயந்திரம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் உற்பத்தியாயிற்று. ஆயினும் அதனை நெல்வயலுக்கு ஏற்றதாக அமைத்தவர் இலங்கையரே. 1924ஆம் ஆண்டு பிறந்து, கேம்பிறிட்ஜிற் பொறியியல் கற்றுத் தேர்ந்த றே விஜேவர்தன என்பவரே அவர்.

பெரிய உழவியந்திரம் சேற்றிற் புதையும். வரம்புகளாற் பிரிக்கப்பட்ட சிறு வயல்களில் திரும்ப மாட்டாது. எருமையோ மெல்ல நடப்பது. இவ்விரண்டிற்கும் இடையில், ஒருவர் கைப்பிடித்து நடத்தக்கூடிய சிறு பொறியொன்று வேண்டுமென அவர் கண்டார். 1950களின் நடுவில் அது வயலுக்கு வந்தது. உலகின் முதலாவது இருசில்லு உழவியந்திரம் இதுவே எனச் சிலர் கூறுவதுண்டு, அது மிகைக்கூற்று. சுவிட்சர்லாந்தில் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அத்தகைய பொறிகள் தோன்றிவிட்டன. விஜேவர்தனவின் பெருமை வேறிடத்தில் உள்ளது.

1960களில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் அவர் தம் இயந்திரத்தைப் பற்றி உரையாற்றினார். முடிவில் அவையோர் தொடுத்த வினா எளியது: இதனால் விளைச்சல் பெருகிற்றா? கமக்காரரின் செலவு குறைந்ததா? தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையன்று, எருமையையே என்பதை அன்று உணர்ந்ததாக அவர் பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். எருமை புல்லைத் தின்று எருவைத் தரும், கன்றையும் ஈனும். இயந்திரமோ எண்ணெயைக் குடிக்கும். அந்த எண்ணெயைக் கடல்கடந்தே தருவிக்க வேண்டும். புகழ் தேடித்தந்த பொறியையே இவ்வாறு எடைபோட முன்வரும் பொறியியலாளர் மிகச் சிலரே.

பின்னர் அவர் கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. நிலத்தை உழுவதுதான் எதற்காக? களையை அடக்குவதற்கே பெரும்பாலும் உழுகிறோம் என்பது அவர் கண்ட விடை. 1970களில் நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். வெப்பநாட்டு மழை, உழுது திறந்த மேட்டுநிலத்தின் மேல்மண்ணை அடித்துச் செல்லும். சருகும் தாளும் மூடிய மண்ணோ ஈரத்தைக் காத்து நிற்கும். ஆகவே, உழாமலே மூடாக்கின் ஊடாக விதையிடும் கைக்கருவிகளை அங்கு உருவாக்கினர். உழவியந்திரம் அமைத்தவர் உழவையே கைவிடச் சொன்னது கேட்டோர்க்கு வியப்பளித்திருக்கும்.

உழவை விட்டால் களை நிற்கும். அதற்காகக் களைநாசினியை மிகச் சிறிய அளவில் தெளிக்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். இது இன்றும் விவாதத்திற்குரியதே. கிளைபோசேற் என்னும் களைநாசினியை இலங்கை 2015இல் தடைசெய்து, பின்னர் அத்தடையை நீக்கிற்று.

நாடு திரும்பிய பின் அவர் மனம் மரங்களின்பாற் சென்றது. சிலாபப் பகுதியிலிருந்த தமது தென்னந்தோட்டத்தில் சீமைக்கிளுவையை நட்டார். காற்றிலுள்ள நைதரசனை அதன் வேர்கள் மண்ணிற் சேர்க்கும். தழை எருவாகவும் கால்நடைத் தீவனமாகவும் உதவும். வெட்டிய தடியை எரித்து மின்சாரமும் பெறலாம். சரிவு நிலங்களிற் சமவுயரக் கோட்டின் வழியே வேலியாக நட்டால் மண்ணரிப்பும் தடைப்படும். வேலிக் கதியாலாக மட்டுமே பலர் அறிந்திருந்த அம்மரத்தை, தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005இல் ஏற்றுக்கொண்டது. ஐந்து ஆண்டுகளின் பின், 2010 ஓகத்தில், விஜேவர்தன காலமானார்.