தொப்பி ஊசிக்கு முன்னால்

மன்ஹைம் நகரின் நடுப்பகுதியில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. இது தெரியாமல் வாடகைக் காரை எடுத்துவிட்டேன். வழிகாட்டும் கருவி தெருப் பெயரைக் கேட்டது. என் கையிலிருந்த முகவரியில் இருந்ததோ ஓர் எழுத்தும் இரண்டு எண்களும். நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலையில் மூன்று முறை வலம் வந்தேன். நம் ஊர்ப் பழக்கத்தில் திரும்புவதற்குக் குச்சியைத் தட்டினால், ஒவ்வொரு முறையும் கண்ணாடி துடைப்பான்தான் ஓடியது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, அன்றிலிருந்து மன்ஹைமில் வாழ்பவர். கார் ஓட்டத் தெரியாது. நான்காவது சுற்று தொடங்கியதும் வாய் திறந்தார்.

"பிள்ளை, அந்த மிசினை நிப்பாட்டும். கார் போகேலாத தெருவுக்கெல்லாம் அது வழி சொல்லுது. அரண்மனை தெரியுதோ? அதை முதுகுக்குப் பின்னால வைச்சு யோசியும்."

யோசித்தேன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊர் இது. சதுரங்கப் பலகை போன்ற அமைப்பு. அரண்மனைக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே அகன்ற வீதி. அதன் இடப்பக்கம் ஏ முதல் கே வரை, வலப்பக்கம் எல் முதல் யூ வரை. அரண்மனையிலிருந்து விலக விலக எழுத்து மாறும். அகன்ற வீதியிலிருந்து விலக விலக எண் கூடும். பெயர் சூட்டப்படுவது தெருவுக்கு இல்லை, தெருக்களுக்கு நடுவிலுள்ள கட்டடத் தொகுதிக்கு. அக்கா இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விடிவதற்கு முன் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போன வருடங்களில் கற்றுக்கொண்டார்.

நாங்கள் தேடிய இடம் டி6. 1871இல் கார்ல் பென்ஸ் தன் முதல் பட்டறையைத் தொடங்கியது அங்கேதான். கூட்டாளி சரியில்லை. அவருடைய பங்கை வாங்கி அவரை விலக்கப் பணம் வேண்டியிருந்தது. கொடுத்தது பெர்த்தா ரிங்கர், தன் வரதட்சிணையிலிருந்து, திருமணத்துக்கு முன்பே. 1872இல் மணம் முடிந்தது. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை கணவனுக்கே. 1886 ஜனவரி 29 தேதியிட்ட மோட்டார் வண்டிக் காப்புரிமை கார்லின் பெயரில் இருக்கிறது.

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, பெர்த்தா தன் தாய்வீட்டு ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று சக்கர வண்டி, திசை திருப்ப ஒரு கைப்பிடி. அந்த வண்டி அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை.

இந்தக் கதை சொல்லப்படும் விதம் எனக்கு எப்போதும் உறுத்தும். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார் என்பார்கள். இரண்டும் நடந்தவைதாம். ஆனால் வரலாறு ஒரு பெண்ணைப் பார்க்கும்போது முதலில் அவள் உடுத்தியிருப்பதைப் பார்க்கிறது. ஊசியும் பட்டியும் சிரிப்போடு நினைவில் தங்கிவிட, வழி கண்டுபிடித்த வேலை பின்னால் போய்விட்டது.

அந்த வேலையை எண்ணிப்பாருங்கள். எரிபொருள் கலனின் கொள்ளளவு நாலரை லிட்டர். எந்திரத்தைக் குளிர்விக்க அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறாது, இறங்கித் தள்ள வேண்டும். ஆகவே பெர்த்தா தேடியது குறுக்கு வழியை இல்லை. கிணறோ ஓடையோ சத்திரமோ உள்ள வழி, கொல்லர் உள்ள வழி, மருந்துக்கடை உள்ள வழி. வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கினார். அன்று அது கறை நீக்கும் திரவம், வண்டிக்கு அதுதான் எரிபொருள். சங்கிலிக்கு ஒரு கொல்லர், மரத் தடைக்கட்டையில் தோல் அடிக்க ஒரு செருப்புத் தைப்பவர். இருட்டிய பின் ஃபோர்ட்ஸ்ஹைம். அங்கிருந்து கணவருக்குத் தந்தி. மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பதும் இந்தப் பயணத்திலிருந்து பட்டறைக்குப் போன பாடம்.

நான் அதிகம் யோசித்தது ஒரு காகிதத்தைப் பற்றி. அந்த ஆகஸ்ட் முதல் தேதியில் வட்டார நிர்வாகம் இந்த வண்டியை ஓட்ட அனுமதி கொடுத்திருந்தது. கார்லுக்கு. அதுவும் மன்ஹைமையும் சுற்றியுள்ள சில ஊர்களையும் மட்டும் குறிப்பிட்டு. வீஸ்லோக் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் பெயராலும் எல்லையாலும் அனுமதியை மீறிய பயணம்.

21 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் 22 வயது ஆலிஸ் ராம்ஸி நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை 59 நாளில் ஓட்டினார். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. காரைக் கொடுத்தது மேக்ஸ்வெல் நிறுவனம். அன்றைய வழிகாட்டி நூல்கள் வீடுகளையும் மரங்களையும் அடையாளம் சொல்லும். மஞ்சள் வீட்டில் திரும்பு என்றது நூல். மஞ்சள் வீட்டைக் காணோம். கார்களைப் பிடிக்காத வீட்டுக்காரர் பச்சை வண்ணம் பூசிவிட்டாராம்! நூலும் உதவாத மேற்குப் பகுதியில் அவர் தொலைபேசிக் கம்பங்களைப் பார்த்தார். கம்பிகள் அதிகமுள்ள கம்பங்களைத் தொடர்ந்தால் ஊர் வரும்.

சொந்த வண்டி இல்லாதவர்களின் கணக்கு இது. வாடகைக் கார் எடுப்பதிலும் அதன் மிச்சம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில், கணவரின் கணக்கில் எனக்கு வாங்கிய கூடுதல் அட்டையை நீட்டினேன். ஏற்கவில்லை. ஓட்டுபவர் பெயரிலேயே முதன்மைக் கணக்கு வேண்டும் என்றார்கள். நான் சம்பாதித்த பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. ஒப்பந்தம் ஓட்டப்போகாத கணவர் பெயரில் போடப்பட்டது. சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். நான் பின்னிருக்கையில் ஏறினேன். இம்முறை என் பெயரில் அட்டை இருந்தது, பன்னாட்டு உரிமமும் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துக்கூட ஒன்றும் கேட்கவில்லை. அது எவ்வளவு நிம்மதி!

டி6ஐப் பார்த்துவிட்டு வீஸ்லோக் பக்கம் போனோம். 2008 முதல் பெர்த்தா போன வழி நினைவுப் பாதையாக அடையாளப் பலகைகளுடன் இருக்கிறது, தொலைவது கடினம். மருந்துக்கடையைப் பார்த்துத் திரும்பும்போது, கார்லுக்கான அனுமதியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

"எங்களுக்கும் அப்பிடி ஒரு கடுதாசி இருந்தது," என்றார்.

1982இல் வந்த புகலிட நடைமுறைச் சட்டத்தின்படி, விண்ணப்பித்துக் காத்திருப்பவர் தன்னைப் பதிந்த அலுவலகத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டியிருந்தது. மன்ஹைமை ஒட்டி ரைன் ஓடுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் லுட்விக்ஸ்ஹாஃபன், ஆனால் அது வேறு மாநிலம். அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை அங்கே இருந்தார். நடந்தே போகலாம்.

"அவளுக்குப் பிள்ளை பிறந்தது. கடுதாசி வரேல்லை. பாலத்தின்ர இந்தப் பக்கம் நிண்டு பாத்திட்டு வந்தன். பொலிஸ் பிடிச்சால் கேஸிலை எழுதிப்போடுவாங்கள் எண்டு பயம்."

பிறகு உரிமை கிடைத்தது. டிராமில் நூறு முறை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார். தங்கை இப்போது கனடாவில்.

காரைத் திருப்பித் தர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எரிபொருள் நிரப்பிவிட்டு நிலையத்துப் பக்கம் திரும்பப் போனேன்.

"பாலத்துக்கு விடும்," என்றார் அக்கா.

"அங்க யாரைப் பாக்கணும் அக்கா?"

"ஒருத்தரையும் இல்லை. சும்மா போவம்."

போனோம். அவர் சொன்ன இடத்தில் திரும்பினேன். எந்த வீடு என்று கேட்டதற்குக் கையைக் காட்டினார், கட்டடம் மாறிவிட்டிருந்தது. இறங்கவில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அரண்மனை எதிரே தெரிந்தது. இந்த முறை நான் குச்சியைச் சரியாகத் தட்டினேன்.