எல்லை சொல்லத் தெரிந்தவர்கள்

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகேறிக் கல்பிட்டியில் கரையிறங்கினர். ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக் கரையோரத்தில், ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் தில்லையடியிலும் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். வழிச் சோதனைகளில் நகை, பணத்தோடு காணி உறுதிகளும் பறிபோயின. இந்தத் துயரத்தை எழுதுவோர் வீட்டையும் நகையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, தாள்களை ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். ஆனால் அதற்குப் பின் கால் நூற்றாண்டு இம்மக்களை ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் நிறுத்தி வைத்தவை அந்தத் தாள்களே. அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதுதான் என் வாதம்.

ஓர் உறுதி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். நொத்தாரிசு உறுதியை முடித்ததும் மூலப் படி காணிக்காரர் கைக்குப் போகிறது. இன்னொரு படி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூன்றாவது நொத்தாரிசிடமே தங்குகிறது. பிறப்புப் பதிவும் அப்படித்தான்: வீட்டுப் பெட்டியில் இருப்பது பிரதி, பதிவு இருப்பது அரசின் புத்தகத்தில். ஆக, சோதனைச் சாவடியில் தொலைந்தது ஒரு படி மட்டுமே. உரிமைக்கான சான்று அரசிடம் இருக்க வேண்டியது. ஆனாலும் பிரதி கேட்டுப் போனவரிடம் உறுதி இலக்கம் என்ன, திகதி என்ன, நொத்தாரிசு யார் என்று கேட்கப்பட்டது. அந்த விவரமெல்லாம் தொலைந்த தாளில்தான் இருந்தது. பதிவகமோ போர்க்கோட்டுக்கு அந்தப் பக்கம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக நினைத்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு அடையாள அட்டை, அதற்குப் பிறப்புச் சான்றிதழ், அதோடு கிராம சேவகரின் அத்தாட்சி. அவளைப் பிறப்பிலிருந்து அறிந்த கிராம சேவகர் இருந்த ஊரிலோ அவள் இனத்தவர் ஒருவர்கூட இல்லை.

தாளில்லாமல் ஏற்றுக்கொண்டால் பொய்க்காரர்கள் புகுந்து விடுவார்களே என்பது அதிகாரிகளின் பதில். இது வெறும் சாக்குப்போக்கு அல்ல. கைவிடப்பட்ட காணிகளில் வேறு குடும்பங்கள் குடியிருந்தன. சிலர் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தும் வாங்கியிருந்தார்கள். ஆனால் பொய்யைப் பிடிக்கும் வழி உறுதிக்குள்ளேயே இருக்கிறது. வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் வளவு, மேற்கே பள்ளிக் காணி என்று நாலெல்லையும் பெரும்பாலும் அயலவர் பெயராலேயே எழுதப்படும். வெளியேற்றம் ஊரோடு நடந்ததால் அந்த அயலவரும் ஒன்றாகவே வந்தார்கள். எருக்கலம்பிட்டியார் நாகவில்லில் சேர்ந்து குடியேறினார்கள். வடக்கெல்லைக்காரர் மூன்றாவது கொட்டிலில் இருந்தார், தெற்கெல்லைக்காரர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக் கொண்டிருந்தார். 1991இலேயே முகாம் முகாமாக இவர்களை உட்கார்த்தி, தனித்தனியே எல்லை சொல்லச் சொல்லிச் சத்தியக் கூற்றோடு பதிந்திருந்தால், பொய்யன் நாலு பேரிடம் மாட்டியிருப்பான். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களின் இழப்புகளைத் தேடித் தொகுத்து 2001இல் நூலாக்கினார். ஓர் ஆய்வாளரால் தொடங்க முடிந்ததை முழு நிர்வாகமும் கையிலிருந்த அரசு செய்யாதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பழைய தாள் இல்லாதவர்களுக்குப் புத்தளத்தில் கிடைத்த புதிய தாள் நிவாரண அட்டை. அது சோறு போட்டது, மறுக்க முடியாது. ஆனால் அதுவே ஆளைக் கட்டியும் போட்டது. வடக்கில் பதிந்தால் இங்கே அட்டை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இங்கே வாக்காளராகப் பதிந்தால் ஊர் உரிமை போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். அவர்கள் இரண்டு இடத்திலும் கால் வைக்கிறார்கள் என்று உள்ளூராரில் சிலர் குறைபட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பள்ளிக்கூடமும் தண்ணீரும் இருவருக்கும் பொது, வளமோ குறைவு. எனினும் ஒரு கால் வைக்கக்கூட உறுதியான நிலம் இல்லாதவர் வேறென்ன செய்வார்? முந்திய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்த சிறப்புச் சட்டம் 2013இல்தான் வந்தது.

காணியில் இழப்பு இன்னும் ஆழமானது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் பத்தாண்டு இடையறாமல், உரிமையாளருக்கு எதிராக ஒரு காணியை ஆண்டால் அது அவருக்கே சொந்தமாகலாம். 1990இல் துரத்தப்பட்டவரின் காணிக்கு அந்தக் கெடு 2000த்திலேயே முடியத் தொடங்கியது, அவர் திரும்பிப் போய் வேலியைத் தொடவும் வழியில்லாத காலத்தில். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஆயுதக் குழுக்களால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற சட்டம் 2016இல் நிறைவேறியது. அப்போது வெளியேற்றத்துக்கு வயது 26. 1990இல் ஐம்பது வயதில் பக்கத்து வளவின் கிழக்கெல்லையைச் சொல்லத் தெரிந்திருந்தவருக்கு, உயிரோடு இருந்தால், எழுபத்தாறு.