புறப்படுதலும் தொடங்குதலும்

ஒரு மொழியிலே ஒரு செயலைக் குறிக்கும் சொற்கள் பலவாக வழங்குமாயின், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதினாற் குற்றமில்லை என்று எண்ணுவது மாணவர் இயல்பு. ஆங்கிலத்தில் லீவ், டிப்பார்ட், செற் அவுட், ஸ்ரார்ட் என்னும் வினைகள் புறப்படுதலைக் குறிப்பன என்றும், பிகின், கொமென்ஸ், ஸ்ரார்ட் என்பன தொடங்குதலைக் குறிப்பன என்றும் அகராதி கூறும். அகராதி கூறுவது பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையும் அன்று. ஒரே நிகழ்ச்சியை இச்சொற்கள் வெவ்வேறு பக்கத்தில் நின்று நோக்குகின்றன. ஒன்று பிறகிட்ட ஊரை நோக்கும். ஒன்று கடிகாரத்தை நோக்கும். ஒன்று முன்னே கிடக்கும் வழியை நோக்கும்.

இது தேர்வுக்குப் படிக்கும் இலக்கண நுட்பம் மாத்திரம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தின் கடந்த நூறாண்டு வரலாறு, புறப்பட்டோரும் தொடங்கியோரும் ஆக்கிய வரலாறாகும். அவ்வரலாற்றிற் பெரும் பகுதி ஆங்கில அறிக்கைகளிலே பதிந்து கிடக்கின்றது. அங்கே ஆளப்பட்ட வினைச்சொல் எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்று அறியாதவர் அவ்வரலாற்றைச் செவ்வையாகப் படித்தவர் ஆகார்.

முதலில் டிப்பார்ட் என்பதைக் கொள்வோம். இது பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலத்திற் புகுந்த சொல். இதன் அடியிலுள்ள இலத்தீன் சொல்லுக்குப் பங்கிடுதல், பிரித்தல் என்பது பொருள். 1549ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலிலே, மணமக்கள் செய்யும் உறுதிமொழியில் இச்சொல் பிரித்தல் என்னும் பொருளிலேயே நின்றது. காலம் செல்ல அப்பொருள் வழக்கொழிந்தமையால் 1662ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்விடம் மாற்றி எழுதப்பட்டது. இக்காலத்தில் டிப்பார்ட் என்பது நேரத்தோடு ஒட்டிய, உத்தியோக வாடையுள்ள சொல். 1905ஆம் ஆண்டிலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் புகையிரதப் பாதை வன்னிக் காட்டை ஊடறுத்துத் திறக்கப்பட்டபோது, நேர அட்டவணைக்குரிய இச்சொல்லும் வன்னிக்கு வந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் பயணத்துக்கும் இச்சொல்லே பொருந்தும். வண்டி டிப்பார்ட் ஆகும். அதற்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை, பிரிவுத் துயரமும் இல்லை. 1990ஆம் ஆண்டு வவுனியாவுக்கு வடக்கே வண்டி ஓடாது நின்றது. 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் வன்னி மக்கள் புறப்படாத நாளில்லை. ஆயினும் அப்புறப்பாடு எதற்கும் நேர அட்டவணை இருந்ததில்லை. ஆதலின் டிப்பார்ட் என்னும் சொல்லும் பொருந்துவதில்லை.

லீவ் என்னும் வினை தன்மையால் வேறுபட்டது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு எஞ்சியிருக்கச் செய்தல் என்பது பொருள். போகிறவனைக் காட்டுவதற்கு முன்னே, அவன் விட்டுச் சென்றதைக் காட்டிய சொல் அது. தமிழிலே விட்டுச் செல்லுதல் என்னும் தொடரும் இத்தன்மையதே. டிப்பார்ட் என்று சொன்னால், என்ன நேரம் என்று கேட்கத் தோன்றும். லீவ் என்று சொன்னால், எதை விட்டு, யாரை விட்டு என்று கேட்கத் தோன்றும்.

இவ்வேறுபாட்டைக் கிளிநொச்சி 2008ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே கண்டது. போர் நெருங்கிய வேளையில், பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என்று கூறி, உதவி நிறுவனங்கள் வன்னியினின்றும் நீங்கவேண்டும் என அரசாங்கம் பணித்தது. போகவேண்டாம் என்று மக்கள் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் வாயிலிலே திரண்டு நின்று வேண்டினர். அம்மாதத்தின் நடுப்பகுதியில் ஊழியர் நகரை விட்டகன்றனர். அலுவலகத்தின் நோக்கில் அது உத்தியோகத்தரின் இடமாற்றம். வாயிலில் நின்றவர் நோக்கில் அது தாம் விடப்பட்டமை. நிகழ்ச்சி ஒன்று; வினைகள் இரண்டு. 2012ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வு அறிக்கை, இறுதிப் போர்க்காலத்தில் அந்நிறுவனம் தன் கடமையிலே தவறியது என்று ஒப்புக்கொண்டது.

லீவ் என்னும் ஒலியில் ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு அனுமதி என்பது பொருள், வேர் வேறு. அரசாங்க உத்தியோகத்தர் எடுக்கும் லீவு அதன் வழி வந்ததே. தமிழ் மக்கள் விடைபெறுதல் என்று சொல்வதும் அதனோடு ஒத்த கருத்துடையது; விடை என்பதற்கு அனுமதி என்ற பொருளும் உண்டு. வீட்டை விட்டுப் புறப்படுபவர் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லார். போய்வருகிறேன் என்றே சொல்வர். போதலோடு மீளுதலையும் சேர்த்துச் சொல்லி, இருப்பவரிடம் விடைபெற்றே அடி எடுத்து வைப்பது நம்மவர் மரபு. விடைபெறாது நேர்ந்த புறப்பாடு முறையான புறப்பாடாகக் கொள்ளப்படுவதில்லை.

செற் அவுட் என்பது முன்னே கிடக்கும் வழியை நோக்கும் தொடர். அதற்குக் குறிக்கோள் வேண்டும், ஆயத்தமும் வேண்டும். இதற்கு வடபுலத்துத் தமிழில் அழகான இணை ஒன்று உண்டு. அது வெளிக்கிடுதல் என்பது. ஒருவர் உடுத்து ஆயத்தமாகி நிற்றலும் வெளிக்கிடுதலே; படலையைத் தாண்டிப் போதலும் வெளிக்கிடுதலே. அவ்வளவில் நில்லாது, ஒரு காரியத்தைச் செய்ய முற்படுதலையும் செய்ய வெளிக்கிடுதல் என்பர். ஆங்கிலத்திலும் செற் அவுட் என்னும் தொடர் பயணத்துக்கும் முயற்சிக்கும் ஒருங்கே பொருந்துகின்றது. தொலைவில் வளர்ந்த இரு மொழிகள், வழியில் இறங்குதலையும் வேலையில் இறங்குதலையும் ஒன்றாகவே கண்டன.

அவ்வொற்றுமைக்குக் கிளிநொச்சியே சான்று. இரணைமடுக் குளத்தின் கட்டுமான வேலை 1902ஆம் ஆண்டிலே தொடங்கியது. பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு, குடியேற்றத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1936ஆம் ஆண்டிலே கிளிநொச்சி நகரம் தோற்றம் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட காணி அபிவிருத்திச் சட்டம், நிலமற்ற குடியானவர் அரச காணி பெறுவதற்கு வழி வகுத்தது. குடாநாட்டினின்று அக்காலத்தில் வந்தவர் செற் அவுட் என்னும் தொடருக்கு உரியவர். பின்னே வீடும் கோயிலும் இருந்தன. முன்னே காடும் நீரும் இருந்தன. விரும்பிய வேளையில் ஊருக்குச் சென்று மீளலாம். புறப்பாடும் தொடக்கமும் அவர்களுக்கு ஒரே செயலின் இரு முகங்களாயின.

இனி ஸ்ரார்ட். பயணத்துக்கும் பணிக்கும் பொதுவாய், ஆங்கிலம் கற்கும் மாணவரை மிகவும் மயக்குவது இதுவே. ஆறு மணிக்குப் புறப்பட்டோம் என்பதை ஸ்ரார்ட் கொண்டு சொல்லலாம். அவ்விடத்தில் பிகின் வராது. இயந்திரத்தை இயக்குதலும் ஸ்ரார்ட். அங்கும் பிகின் வராது. காரணம் அதன் பழம்பொருளில் உள்ளது. ஸ்ரார்ட் என்பதற்கு ஆதியில் துள்ளுதல், திடீரென எழும்புதல் என்பதே பொருள். திடுக்கிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அசையாதிருந்த ஒன்று சட்டென அசைதலே ஸ்ரார்ட். தமிழிலும் கிளம்புதல் என்பதற்கு மேலெழுதல் என்னும் பொருள் இருத்தல் இங்கே ஒப்பு நோக்கத்தக்கது.

ஆனால், திடுக்கிட்டு எழுந்து ஓடியவரை எச்சொல்லாற் குறிப்பது? 1958ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் கலவரங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் 1977இன் பின்னர், மலையகத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தினின்று இலட்சக்கணக்கானோர் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அவருட் பெருந்தொகையினர் பின்னர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1936இல் குடாநாட்டினின்று வன்னிக்கு வந்தவரும், 1995இன் பின் அதே குடாநாட்டினின்று அதே வன்னிக்கு வந்தவரும் ஏறத்தாழ ஒரே திசையிற் பயணம் செய்தவரே. வரைபடத்தில் இரண்டும் ஒரே அம்புக்குறி. ஆயினும் முன்னவர் செற் அவுட், பின்னவர் அப்படியல்லர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஃபிளீ என்னும் வினை உண்டு. தமிழில் உயிர் தப்பி ஓடுதல் என்பர்.

இன்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளின் கட்டளையினால் தம் ஊர்களினின்றும் அகற்றப்பட்டனர். முல்லைத்தீவுப் பகுதியில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய ஊர்களில் வாழ்ந்தவரும் அவருள் அடங்குவர். பலர் புத்தளத்தைச் சென்றடைந்தனர். இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அவர்கள் வெளியேறினர் என்று எழுதுவாரும் உளர். ஓரெழுத்து அளவிலே வரலாறு எங்ஙனம் திரிகின்றது என்பதற்கு இதனிலும் தக்க சான்று வேண்டா. வெளியேறினர் என்பது தன்வினை. வெளியேற்றப்பட்டனர் என்பது பிறவினையின் செயப்பாட்டு வடிவம். முன்னது விருப்பத்தைக் குறிப்பாற் காட்டும். பின்னது வெளியேற்றியவர் யார் என்னும் வினாவை எழுப்பும். ஆங்கிலத்திலே லீவ் என்பதற்கும் எக்ஸ்பெல் என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பிறர் செய்த தீங்கைச் சொல்லும்போது பிறவினையையும், நம்மவர் செய்ததைச் சொல்லும்போது தன்வினையையும் ஆளுதல் நடுவுநிலைமை ஆகாது.

உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் 1998ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டு நெறிகள் இந்நுட்பத்தை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. ஓடுதல், விட்டு நீங்குதல் என்னும் இரு வினைகளையும் அருகருகே வைத்து, அவை கட்டாயத்தினால் நேர்ந்தவை என்று அவ்வரைவிலக்கணம் சேர்த்துரைக்கின்றது. தமிழில் வழங்கும் இடம்பெயர்ந்தோர் என்னும் சொல்லிலே அக்கட்டாயம் வெளிப்படையாக இல்லை. அச்சொல்லை ஆளும்போது, இடம்பெயர்த்தது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் எழுதுவோர் கடன்.

எஞ்சியவை பிகின், கொமென்ஸ் என்பன. பிகின் பழைய ஆங்கிலத்துக்கே உரிய வீட்டுச் சொல். கொமென்ஸ், 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி வழியாக வந்த அரண்மனைச் சொல். பொருள் ஒன்றே, உடை வேறு. தமிழில் தொடங்குதலும் சமஸ்கிருத வழிவந்த ஆரம்பித்தலும் அருகருகே வழங்குதல் போன்றது இது. ஆனால் தமிழில் இவ்விரண்டும் சமநிலையில் நிற்க, ஆங்கிலத்தில் கொமென்ஸ் சடங்குக்கும் சட்டத்துக்குமே பெரிதும் உரியதாயிற்று. வேலைத்திட்டம் கொமென்ஸ் ஆகும். குழந்தை அழத் தொடங்குதல் கொமென்ஸ் ஆகாது.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, வன்னி மக்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். அவருட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் மீள்குடியேற்றம் விரைவு பெற்றது. 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அறிக்கையின் மொழியிலே மீள்குடியேற்றம் கொமென்ஸ் ஆனது ஒரு திகதியில். கூரையிழந்த வீட்டின் முன்னே நின்று, கிணற்றை இறைத்து, பற்றையை வெட்டி, காலபோக மழைக்கு முன் வயலை உழ முற்பட்டவர் வாழ்க்கையில் பிகின் ஆனது வேறொரு நாளில். சிலருக்கு அந்நாள் ஆண்டுகள் கழித்தே வந்தது. இவ்விரு நாள்களையும் ஒன்றெனக் கொள்ளும் வரலாறு அலுவலகத்தின் வரலாறாகுமேயன்றி மக்களின் வரலாறாகாது.

புறப்பாடு தொடக்கமாதலை வன்னி பழமரபிலும் கண்டிருக்கின்றது. மதுரையை எரித்துப் புறப்பட்ட கண்ணகி, பல இடங்களில் தங்கி இறுதியில் வற்றாப்பளைக்கு வந்து அமர்ந்தாள் என்பது அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலைப் பற்றிய ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் அடியார் அதனை நம்பியே திரள்கின்றனர். சோழநாட்டிற் பிறந்து பாண்டிநாட்டிலே கணவனை இழந்தவள், வன்னியிலே தாயாக வழிபடப்படுகின்றாள். அவள் மதுரையை விட்டு நீங்கியதை மாத்திரம் சொன்னால் கதை துயரத்தோடு முடியும். வற்றாப்பளையை மாத்திரம் சொன்னால் அத்துயரம் மறையும். இரண்டையும் சொல்லும்போதே கதை நிறைவு பெறுகின்றது.

ஆகவே, வரலாறு எழுதப் புகும் மாணவர் ஒரு வினைச்சொல்லைத் தெரிந்துகொள்ளுமுன் நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று. புறப்பட்டவர் தாமாகப் புறப்பட்டனரா, புறப்படுத்தப்பட்டனரா? எதை விட்டுச் சென்றனர்? எதை நோக்கிச் சென்றனர்? சென்றபின் அவர்கள் தொடங்கியது எது, எந்நாளில்? இவற்றுக்கு விடை கண்டபின் ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் உரிய சொல் தானே வந்து நிற்கும்.