ஏரிக்கு மேலே ஒரு சீசன் வேலை

சண்டிகரில் இருக்கும் நம் ஆட்களுக்கு சுக்னா ஏரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் காலையில் ராக் கார்டன், மாலையில் சுக்னா. ஞாயிற்றுக்கிழமை 31ஆம் செக்டர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஏரிக்கரையில் ஒரு நடை, குழந்தைகளுக்குப் படகு, நாலு போட்டோ. போட்டோவில் பின்னால் நீலமாக நிற்கிற குன்றுகளுக்குள் யாரும் போவதில்லை. நானும் பல வருடம் போனதில்லை.

போனது ஒரு மே மாதம். வனத்துறையில் பர்மிட் வாங்கிக்கொண்டு, நாலைந்து தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து நேப்லி காட்டுப் பாதையில் நடந்தோம். வழியில் ஒருவர் கையில் பச்சைக் கிளையை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்ப்பவர் என்று நினைத்தேன். இல்லையாம், தீக்காவல். ஏப்ரலில் சேர்த்தால் மழை பிடிக்கும் வரை வேலை. எங்கேயாவது புகை தெரிந்தால் ஓடிப்போய் அந்தக் கிளையாலேயே அடித்து அணைக்க வேண்டும்.

"மழை வந்தப்புறம்?" என்று கேட்டேன்.

"குழியில கன்னு நடுவோம், பாபுஜி."

"அதுக்கப்புறம்?"

சிரித்தார். "அதுக்கப்புறம் சீசன் கிடையாது."

நாம் படகு விடும் தண்ணீர் இப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

கதை சண்டிகர் என்ற ஊர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. இமயமலைக்கு முன்னால் படுத்திருக்கும் சிவாலிக் குன்றுகள் பார்க்கத்தான் மலை. உள்ளே கெட்டிப் பாறை குறைவு, மண்ணும் மணலும் கூழாங்கல்லும்தான் அதிகம். மேலே மரமும் புல்லும் போர்த்தியிருக்கும் வரை நிற்கும். போர்வை போனால் ஒரு மழைக்கே கரையும். அங்கிருந்து இறங்கும் காட்டாறுகளுக்குப் பஞ்சாபியில் "சோ" என்று பெயர் (நம்ம துக்ளக் சோ இல்லை!). வருடத்தில் ஒன்பது மாதம் வெறும் மணல். ஜூலை பிறந்தால் மதம் பிடித்த யானை.

19ஆம் நூற்றாண்டில் குன்றுகளில் மரம் வெட்டும் மேய்ச்சலும் கட்டுக்கடங்காமல் போயின. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் இந்தச் சோக்கள் மணல் மூடிய விளைநிலத்தின் பரப்பு 1852க்கும் 1897க்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. வெள்ளைக்காரன் 1900ல் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தான். மக்கள் வாயில் சோ சட்டம். நிலம் உன்னுடையதாகவே இருக்கட்டும், ஆனால் மரம் வெட்டவோ ஆடு மேய்க்கவோ அரசு தடை போடலாம் என்பது அதன் சாரம்.

சட்டம் போட்டாயிற்று. தடையை யார் காப்பது? சம்பளத்துக்குக் காவல் வைக்க வேண்டும். அந்தக் காவல் யாருக்கு எதிராக என்றால், அதே குன்றடியில் குடியிருப்பவனுக்கு எதிராக. பகலில் காவல், ராத்திரியில் ஆடு. இந்தக் கண்ணாமூச்சி பல பத்து வருடம் நடந்தது.

இந்த மண்ணின் குணம் தெரிந்தும் தெரியாமலும் 1958ல் சுக்னா சோவின் குறுக்கே அணை கட்டி ஏரி உண்டாக்கினார்கள். லெ கொர்பூசியேவும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் சேர்ந்து செய்த வேலை. ஏரி அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் குன்று கரைந்து ஏரிக்குள் வந்து உட்கார்ந்தது. 1963ல் நிர்வாகம் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெரும் பரப்பைக் கையகப்படுத்தி, கன்று நட்டு, ஓடைகளில் சிறு சிறு தடுப்பணைகள் கட்ட ஆரம்பித்தது. அப்படியும் 1970களின் நடுவில் பார்த்தால் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல். (பின்னாளில் கோடையில் ஊர் ஜனங்களே கூடையெடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி மண் அள்ளிய சிரமதானத்தைப் பழைய ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.)

இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர் மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா. மேலே ஏறிப் போனால் சுகோமாஜ்ரி என்று ஒரு குஜ்ஜர் கிராமம், இப்போது ஹரியானாவின் பஞ்ச்குலா மாவட்டம். எண்பது வீடு இருந்தால் அதிகம். வானம் பார்த்த பூமி, கிணறு கிடையாது, ஆடுதான் பிழைப்பு. அந்த ஊரை ஒட்டிய மொட்டைச் சரிவுகள்தான் ஏரிக்கு வரும் வண்டலில் பெரும்பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

முதலில் மிஸ்ராவின் ஆட்களும் வழக்கமான வைத்தியத்தையே செய்தார்கள். ஓடையை அடைத்தார்கள், கன்று நட்டார்கள், ஆடு ஏறாதே என்றார்கள். ஊர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? சண்டிகர்க்காரன் படகு விட அவன் ஆட்டை விற்க முடியுமா?

1976ல் ஊருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மண் அணை கட்டினார்கள். அடுத்த வருடங்களில் மழை ஏமாற்றியபோது, காய ஆரம்பித்த கோதுமைக்கு அந்தத் தண்ணீர் பாய்ந்தது. கதை திரும்பியது அங்கேதான். ஆனால் உடனே ஒரு சிக்கல். தண்ணீர் கீழே நிலம் உள்ளவனுக்கு மட்டும் போயிற்று. நிலமில்லாதவனும் மேட்டு நிலக்காரனும், எனக்கு ஒன்றும் இல்லாதபோது நான் மட்டும் ஆட்டை ஏன் கட்ட வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி.

அதற்குக் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். நிலம் இருக்கிறதோ இல்லையோ, எல்லா வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு. வேண்டாதவன் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு யார் வீட்டு ஆடும் குன்றில் ஏறக் கூடாது. காமர்ஸ் படித்த எனக்கு இது உடனே புரிந்தது. ஊரே ஒரு கம்பெனி, வீட்டுக்கு ஒரு ஷேர். வேலி போடவில்லை, காவல்காரனுக்குச் சம்பளம் இல்லை. "சமூக வேலி" என்று இதற்குப் பெயர் வந்தது. ஆடு குறைந்து எருமை பெருகியது. ஏரிக்கு வரும் வண்டல் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

குன்று பிழைத்ததும் பப்பர் புல் வந்தது. கயிறு திரிக்கலாம், காகித ஆலைக்கு விற்கலாம். அதுவரை வனத்துறை புல்லை ஏலம் விடும். எடுத்த கான்ட்ராக்டர் ஊர்க்காரனிடமே அரிவாளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். 1980களின் நடுவில் அந்தக் குத்தகை ஊர்ச் சங்கத்துக்கே கிடைத்தது. மழைக்குப் பிறகு புல் அறுப்பது சீசன் வேலைதான், ஆனால் லாபம் ஊருக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த புல்லை முன்பே அறுத்து எடுத்துவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் எரிவதற்குக் குன்றில் என்ன மிச்சம் இருக்கும்? பாதித் தீக்காவல் அறுப்பிலேயே முடிந்துவிடுகிறது.

வங்கிக்காரன் ஒருவன் சொல்லாமல் விட முடியாத செய்தி ஒன்று உண்டு. இந்தச் சங்கத்துக்கு வருமான வரி போட்டார்கள்! பொதுச் சொத்தை மீட்டெடுத்துச் சம்பாதித்ததற்காக வரி விதிக்கப்பட்ட இந்தியாவின் முதல் கிராமம் என்று டெல்லியிலிருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தார் எழுதினார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நம்மூர் குடிமராமத்து ஞாபகம் வருகிறது அல்லவா? அங்கே 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, வழக்கமான வேலைக்கு வராதவனிடம் பணம் வசூலிக்க வழி செய்தார்கள். பங்கு மங்கிய இடத்தில் தண்டம் வந்து நிற்கும் போலிருக்கிறது.

சுகோமாஜ்ரியும் நிரந்தர சொர்க்கமாகிவிடவில்லை. அணைகளே தூர்ந்தன. காகித ஆலைகள் வேறு மூலப்பொருளுக்குப் போனதில் புல்லுக்கு விலை விழுந்தது. பக்கத்தில் தொழிற்பேட்டைகள் வந்ததும் இளைஞர்கள் அங்கே போனார்கள். பங்கின் மதிப்பு குறையக் குறைய சங்கத்தின் பிடியும் தளர்ந்தது. டிவிடெண்ட் வராத ஷேரை எத்தனை பேர் ஆசையாக வைத்திருப்பார்கள்?

அரசு கையகப்படுத்திய பக்கம் 1998ல் சுமார் 26 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமானது. காடு நன்றாகவே வளர்ந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. கோடையில் தீக்காவல், மழைக்கு முன் குழி வெட்டுவது, தடுப்பணையில் மண் எடுப்பது, மழையில் கன்று நடுவது என்று காலண்டர் ஓடுகிறது. செய்பவர்களில் பலர் தினக்கூலி பேல்தார்கள். இங்கே பங்கு கிடையாது, மஸ்டர் ரோலில் பெயர்தான். ஒரே ஏரியைக் காக்க மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. கீழே உள்ளது பட்ஜெட் இருக்கும் வரை நிற்கும். மேலே உள்ளது லாபம் இருக்கும் வரை நின்றது. எது மேல் என்று கேட்டால் நான் சுகோமாஜ்ரி பக்கம்தான், அதன் இன்றைய நிலை தெரிந்தும்கூட.

1900ஆம் வருடச் சட்டத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 2019ல் ஹரியானா அரசு அதைத் தளர்த்தத் திருத்தம் கொண்டுவந்தபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2022 ஜூலையில், அந்தச் சட்டத்தின் சிறப்பு ஆணைக்குள் வரும் நிலங்கள் காடுதான் என்று தீர்ப்பும் சொன்னது. அதற்கு முன்பே 2020 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சுக்னா ஏரியை உயிருள்ள சட்ட நபராக அறிவித்து, நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் கட்டிய கட்டடங்களை இடிக்கவும் சொன்னது. ஏரிக்கு நபர் என்று அந்தஸ்து வந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பச்சைக் கிளைக்காரர் நினைவுதான் வந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பர்மிட் வாங்குவது கஷ்டமில்லை. போகிறவர்கள் மே மாதம் போங்கள், வெயில்தான் என்றாலும் வேலை நடப்பதைப் பார்க்கலாம். குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும்.